இரண்டரை மணிக்குள்

பாலத்தடி நிறுத்தத்தில் ஏறும் டேவியா பிரிக்ஸ்டெட்
வணக்கம் சொல்வதில்லை.
ஆற்றின் நிறத்தைச் சொல்வாள்.
திங்கள்: சாக்லேட் பால்.
செவ்வாய்: அதேதான், ஆனால் ஒரு மரம் போகுது.
புதன் பள்ளி இல்லை, சாலை முழுகிவிட்டது.
வியாழன்: அப்பாவின் காப்பி.
இன்று படியில் ஒரு காலை வைத்தபடியே
"பாட்டில் பச்சை" என்றாள்.

முப்பத்தொரு பிள்ளைகளை இறக்கிவிட்டு
மஞ்சள் பஸ்ஸை நூலகத்தின் பின்னால் நிறுத்தினேன்.
எட்டு ஐம்பது.
இரண்டரைக்குப் பள்ளி மணி.

பிப்ரவரி. ஆல்டர் கிளைகளில் பாசி மட்டும் தொங்குகிறது.
போன வருஷம் நான் நின்ற மேட்டைக் காணோம்.
உட்கார்ந்து ரொட்டி தின்ற கல்லையும் காணோம்.
கட்டிலை நகர்த்திப் போடுகிறவள் மாதிரி
வெள்ளம் ஒரே ராத்திரியில்
ஆற்றை எதிர்க்கரைப் பக்கம் போட்டிருக்கிறது.
எனக்குத் தெரிந்த ஆழமெல்லாம் இப்போது கூழாங்கல்.

நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டேன்.
ஏறுகிறதா இறங்குகிறதா, அது சொல்லட்டும்.

ஆற்றில்தான் போடுகிறேன், அளந்துதான் போடுகிறேன்:
முப்பதடி நூல், பிறகு நாற்பது.
ஊதா இறகும் முயல் ரோமமும் சுற்றிய கொக்கி
குறுக்கே விழுந்து, மூழ்கி,
யாரோ மெதுவாகச் சாத்தும் கதவுபோல
என் கரைக்கு வந்து சேரும்.
இரண்டு தப்படி கீழே. மறுபடி.
இரண்டு தப்படி. மறுபடி.
விரல்கள் முதலில் வலித்தன,
பிறகு வேறு யாருடையவோ ஆயின.

பதினொன்றரைக்குக் காற்று வெதுவெதுத்தது.
மலைப்பனியைக் கரைக்கிற மழை.
பூட்ஸின் நுனி தெரிந்துகொண்டிருந்தது,
பிறகு தெரியவில்லை.
குச்சியைப் பார்த்தேன்: தண்ணீர் அதன் இடுப்பில்.

எதிர்க்கரையில் லோரன் ஹட்டுலா படகைக் கட்டிவிட்டு
கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான்.
முடிந்தது என்கிறான்.
அவன் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும்,
அதனால்தான் நாங்கள் ஒரே படகில் போவதில்லை.

கறுப்புக்கு மாறினேன், பெரியது,
கலங்கலில் நிழலாவது தெரியட்டும்.
நூலைக் குறுக்கினேன். நடு ஆறு வேண்டாம்.
ஓட்டம் ஏறினால் ஸ்டீல்ஹெட் கரையோரம் ஒதுங்கும்;
ஒதுங்காமல் யார்தான் இருப்பார்கள்.
காலையில் தரையாக இருந்த இடத்தில்,
புல் இன்னும் வேரோடு நிற்கிற இடத்தில்,
முழங்கால் ஆழம்கூட இல்லை,

ஆறு ஒரு கணம் நின்றது.
பிறகு எதிர்த்திசையில் நடந்தது.

ரீல் போட்ட சத்தத்தில் லோரன் திரும்பிப் பார்த்திருப்பான்.
நான் பார்க்கவில்லை.
எத்தனை நிமிஷமோ. மண்டியிட்டு வாலைப் பிடித்தபோது
கடலின் வெள்ளி இன்னும் அவள்மேல் இருந்தது,
வாலருகே கடற்பேன் இரண்டு,
கன்னத்தில் தேய்த்து அழித்த மாதிரி ஓர் இளஞ்சிவப்பு.
முதுகின் கடைசிச் சின்னத் துடுப்பு வெட்டுப்படவில்லை:
தொட்டியில் பொரித்தவள் அல்ல, ஆற்றுக்காரி.
முள் நசுக்கிய கொக்கி தானே கழன்றது.
மூக்கை ஓட்டத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.
செவுள் திறந்தது, மூடியது,
சேற்றையும் சேர்த்துக் குடித்தது.
பிறகு என் கையிலிருந்து கனம் மட்டும் போனது.

ஒன்று ஐம்பது.
குச்சி இருந்த இடத்தில் நுரை.

மூன்று மணிக்குப் பாலத்தடி.
டேவியா என் சட்டைக் கை சொட்டுவதைப் பார்த்தாள்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
"சாக்லேட் பால்" என்றாள்.
பையை மாட்டிக்கொண்டு இறங்கியவள்
கடைசிப் படியில் திரும்பி,
"எவ்வளவு பெரிசு?"

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.
நான் ஸ்டீயரிங்கிலிருந்து
இரண்டு கையையும் எடுத்தேன்.