மூன்றாம் படி

வரைபடத்தில் இந்தத் தீவு இருக்கும் இடத்தில்
இப்போது கடல் இருக்கிறது.
ஆண்டுக்கு முப்பது அடி
கிழக்கே, கரையை நோக்கி நகர்கிறது மணல்.
அச்சடித்தவர்கள் மேல் பிழையில்லை.

மார்ச்சில் என்னை இறக்கிவிட்டுப் போவார் மொம்மே கெட்டெல்சன்.
அக்டோபரில் வந்து ஏற்றிக்கொள்வார்.
இடையில் வியாழன்தோறும், ஓதம் அனுமதித்தால்,
குடிநீர், உருளைக்கிழங்கு, போன வாரத்துச் செய்தித்தாள்.
எட்டு மரக்கால்கள் மேல் ஒரு குடில்.
பேனா இந்த ஈரத்தில் செத்துப்போகும்;
பென்சிலில்தான் எண்ணுகிறேன்.

ஆறு பலகைகள் நானே நட்டேன்:
பறவைகள் கூடு வைக்கும் இடம்,
உள்ளே வராதீர்.
படிக்க ஆளில்லை.
எப்போதாவது ஒரு சீல் வந்து
எழுத்தின் மேல் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகும்.

ஜூன் பதினொன்று.
முழுநிலவோடு வடமேற்குக் காற்றும் சேர்ந்துகொண்டது.
நள்ளிரவில் கதவைத் திறந்தால் கீழே மணல் இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் முட்டைகள்.
புதிதாய் இட்டவை அடியில் கிடக்கும்,
அடைகாத்து நாளானவைதான் மிதக்கும்.
நிறைய மிதந்தன.

ஆலாக்கள் ஒருசேர எழுந்தன.
இறங்க இடமில்லை.
விடியும்வரை இருட்டுக்குள் நின்று கத்தின.
நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை,
கேட்பதும் வேலையில் சேர்த்திதான் என்று
அன்று நினைத்தேன்.
இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

முந்தின நாள் நானூற்றுப் பன்னிரண்டு கூடுகள்.
காலையில் முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்று.

பன்னிரண்டு நாள் கழித்து
தண்ணீர் எடுக்க இறங்கப்போனவளை
ஒரு சிவந்த அலகு நிறுத்தியது.
கீழிருந்து மூன்றாம் படியில்
வெள்ளம் விட்டுப்போன ஒரு கை கடற்பாசி.
அதன்மேல் சிப்பிபிடிப்பான்,
கறுப்புச் சட்டைக்குள் வெள்ளை வயிறு,
கண்ணைச் சுற்றிச் செவ்வளையம்.
நகரவில்லை.
வைத்தது மூன்று முட்டை.

ஐம்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
என் வீட்டுக்குப் போட்ட பலகை
எழுத்தே இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து நான் ஜன்னல்வாசி.
பின்பக்கம் கயிற்றேணி கட்டினேன்,
முழங்கால் இரண்டும் உரிந்தது.
வியாழனன்று மொம்மே கீழே நின்று பார்த்தார்.
பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"வீப்கே, வாடகை கொடுக்கிறதா?"
பிறகு உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாய்
ஜன்னலுக்கு எறிந்தார்.
நான் பிடித்தது பதினான்கு.
மிச்சம் சேற்றில்.

படிவத்தில் கூடு இருக்கும் இடம் என்றொரு கட்டம்:
மணல்மேடு, புல்வெளி, சிப்பித்திட்டு.
ஓரத்தில் எழுதினேன்: படிக்கட்டு.
அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்,
எழுத்துப்பிழையா என்று.

இருபத்தேழாம் நாள் மூன்றும் பொரிந்தன.
மறுநாள் தாய் கீழே நின்று கூப்பிட,
பஞ்சுருண்டைகள் படியிலிருந்து குதித்தன.
ஒன்று மல்லாந்து விழுந்து எழுந்தது.
அந்த வாரமே இரண்டைக் கடற்காகம் கொண்டுபோனது.
தெற்கு மேட்டில் அதற்கும் குஞ்சுகள் உண்டு.
அவற்றையும் நான்தான் எண்ணுகிறேன்,
அதே பென்சிலால்.

அக்டோபர்.
ஆலாக்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய் வெகுநாளாகிறது.
மொம்மே என் மூட்டையைத் தோளில் போட்டு
முன்னால் இறங்கினார்.
மூன்றாம் படி வந்ததும்
அந்தப் பெரிய ரப்பர் பூட்ஸ் ஒரு கணம் அந்தரத்தில் நின்று
தாண்டிக் கீழே போனது.

படகில் ஏறும்வரை
வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.