சிவப்புக் குச்சிக்கு அப்பால்

தேத்தண்ணி நேரத்தில் கொலின் சொன்னான்:
அவன் நாட்டில் அரசர்மார் ஆடிய பழைய பந்துக்குள்
மயிர் அடைத்திருக்குமாம்.
நாய்மயிர். சிலவேளை மனிசத் தலைமயிர்.
சுவரெழுப்பி, கூரைச் சரிவில் உருளவிட்டு ஆட்டம்.
முதல் பந்தை எறிந்து கொடுக்க ஒரு வேலைக்காரன்.
கூலிக்காரர் பந்து உருட்டினால் தண்டம்,
நத்தாருக்கு மட்டும் விலக்கு.

கனகேஸ்வரி தொப்பியைக் கழற்றி விசிறினாள்:
"மயிர் குடுத்தவை ஒரு அடியாவது அடிச்சிருப்பினமோ?"

பின்னேரம்
அம்பகாமத்துப் பெடியள் விளாசிய மொட்டை ரெனிஸ் பந்து
பள்ளிக்கூட வேலி தாண்டி
எங்கள் சிவப்புக் குச்சியும் தாண்டி
ஈச்சம்பற்றையடியில் போய் நின்றது.
ஒருத்தனும் கால் எடுக்கவில்லை.
ஓடப் பழக முதலே பழகின சட்டம்.

"அக்கா, எப்ப எடுத்துத் தருவியள்?"
நாலு மீற்றர்தான்.
நான் முழங்காலில் போகிறவள்.
"வியாழக்கிழமை" என்றேன்.

செவ்வாய், ஒரு சோடாமூடி, இரண்டு வெற்றுக் கோது.
புதன் முழுக்க மழை.
வியாழன், பந்துக்கு ஒரு சாண் இருக்க
கருவி கத்தியது.
விரலளவு விரலளவாய் மண்ணை வழித்தேன்.
பச்சை விளிம்பு.

வெள்ளி, பத்து மணிக்கு வெடிக்க வைத்தோம்.
மாலையில் பாதிப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
உள்ளே மயிருமில்லை, ஒன்றுமில்லை,
கருகின ரப்பர் மணம்.

மதுர்சிகன் அதை மோந்து பார்த்தான்.
"அப்ப அது சிக்ஸ் தானே?"
"வேலிக்கு வெளியால போனா அவுட்டடா!"

நான் கையுறையைக் கழற்றும்வரைக்கும்
அந்தச் சண்டை முடியவில்லை.