மட்டு

கோண்டாவில் சந்தியில், மருந்துக்கடைக்கு மேல்
ஒன்றரை அறை ஸ்டூடியோ.
பகலில் பாஸ்போர்ட் படம்,
பின்னேரம் கலியாண அல்பம்.
மணமகளின் தாடைக்குக் கீழே நிழல் வேண்டுமென்றால்
சாம்பல் படலம் ஒன்றை மேலே விரித்து
பெருக்கச் சொல்வேன்.

வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்குப் பூச்சியம்,
மற்றதெல்லாம் இடையில் எங்கோ ஒரு தசமம்.
அரையை அரையால் பெருக்கினால் கால்.
ஒன்றுக்குக் கீழே உள்ளவை
பெருகப் பெருகக் குறைகின்றன.
வெள்ளை எவரையும் மாற்றாது.
கறுப்பு எதையும் விட்டுவைக்காது.

வெளிச்சத்துக்குச் சுற்றுவழி:
இரண்டு படத்திலும் எவ்வளவு இருட்டென்று எண்ணி
இருட்டை இருட்டால் பெருக்கி
வந்ததை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.
இரண்டு அரை சேர்ந்து முக்கால் வெளிச்சம்.
இதை நான் ஒருவருக்கும் விளங்கப்படுத்தியதில்லை.
முகம் வெளுத்தால் அவர்களுக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்
சவுந்தரநாயகம் வந்தார். பின்னாலேயே
மச்சான் இராசகுலேந்திரன்.
ஆளுக்கொரு பிளான், ஆளுக்கொரு பொலித்தீன் பை.
ஒரே காணி. மூன்று பரப்பு ஏழு குழி.
"தங்கச்சி, ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு
வைச்சுப் பாக்கேலுமோ?"

ஸ்கேன் செய்தேன்.
கிணற்றின் மேல் கிணற்றை வைத்து
அரைப் பாகை திருப்பி
வித்தியாசம் என்பதை அழுத்தினேன்.

வெள்ளையில் வெள்ளை போனால் பூச்சியம்,
கறுப்பில் கறுப்பு போனாலும் அதே பூச்சியம்.
வீடு போனது. கிணறு போனது.
வடக்கு எதுவென்று காட்டிய அம்பும் போனது.
இருவரும் ஒத்துக்கொண்டதெல்லாம் அணைந்துபோக
கிழக்கு வேலி மட்டும்
இரண்டு கோடாய் எரிந்தது.
இடையில் ஒன்றரை முழம்.
அதுவும் இருட்டு;
இரண்டு தாளிலும் அங்கே ஒன்றும் வரைந்திருக்கவில்லை.

"அப்ப ஆர் தள்ளினது?" என்றார் ஒருவர்.
"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார் மற்றவர்.

இந்த இடத்தில் கணக்கு கையை விரிக்கும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து,
இருபுறமும் கதியால் நட்டதுபோல்
நிமிர்ந்த கோடு இரண்டுக்குள் அடைத்து
மட்டு எடுக்கும்.
எவ்வளவு என்று சொல்லும்.
எந்தப் பக்கத்திலிருந்து என்ற குறியை
வேலிக்கு வெளியே எறிந்துவிடும்.
மேலதைக் கீழே போட்டேன், கீழதை மேலே.
ஒரு புள்ளி அசையவில்லை.

இருவருக்கும் பிரதி வேண்டுமாம், பெரிய தாளில்.
இவ்வளவு கறுப்புக்கு
மை எவ்வளவு குடிக்குமென்று சொல்லி
விலையையும் சொன்னேன்.
அப்போதுதான் முதல்முறையாக
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தாள் காயும்வரை
சுவரோர வாங்கில் இருந்தார்கள்,
நடுவில் ஒன்றரை முழம் விட்டு.