நான்காவது மாடி, அட்டைப் பிரிவு

ரீகாவில் இரவு இரண்டு மணி.
தௌகவா ஆறு உறைந்துபோய்க் கிடக்கிறது.
என் இடது காதில் மட்டும் வெயில்:
ஓஹாக்காவிலிருந்து ஒரு மனிதர்.
இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டதாம்.
"விழுங்கிவிட்டு நன்றி என்று வேறு சொல்கிறது."
கைவசம் இன்னோர் அட்டை உண்டா?
உண்டு.
யெல்கவாவில், சமையலறை இழுப்பறையில்,
பழைய பாட்டரிகளோடு.

நான் சிரிக்கக் கூடாது.
பேச்சு பதிவாகிறது.

எட்டு வருடமாய் இதே நாற்காலி.
கிளம்புமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று
கடிதத்தின் அடியில் போடுகிறோம், பொடி எழுத்தில்.
விமானம் ஏறுகிற அவசரத்தில்
பொடி எழுத்துக்கு யாரிடம் கண் இருக்கிறது?
ரகசிய எண்ணை அட்டையின் முதுகிலேயே எழுதியவர் உண்டு.
சிம்மைக் கழற்றி எங்கேயோ தொலைத்துவிட்டு
"குறுஞ்செய்தி வரவில்லையே" என்பவர் உண்டு.
வாடகைக் காருக்காகப் பிடித்துவைத்த எண்ணூறு யூரோவைத்
திருட்டு, திருட்டு என்று அலறினார்
ஒரு கிளாரினெட் வாசிப்பவர்.
ஸ்வரம் பிசகாத அலறல்.

இன்னொன்றும் சொல்வேன், கேட்டால்.
"உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா?" என்று
அந்நிய இயந்திரம் குழைந்து கேட்கும்.
வேண்டாம் என்று அழுத்துங்கள்.
அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர்ப் பணம்.
அத்தனை பரிவு சும்மா வருவதில்லை.

ஜனவரியில் ஸ்கைத்ரீதே அழைத்தார். ஹனோயிலிருந்து.
அங்கே காலை ஏழு, பின்னணியில் ஸ்கூட்டர்கள்.
முப்பத்தோரு வருடம் தால்ஸியில்
ஒரே கடையில் கறுப்பு ரொட்டி, பால், வெந்தயக்கீரை.
திடீரென்று
ஹனோயில் ஒரு பட்டுக் கடை, எட்டு மீட்டர்.
இது இவர் இல்லை என்று
எங்கள் கணினி முடிவுகட்டிப் பூட்டிவிட்டது.

விதிப்படி கேட்டேன்:
உங்கள் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர்?
ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டே இருந்தன.
அப்புறம் சொன்னார், எழுத்தெழுத்தாக.
"அவள் பணம்தான் இது" என்றார்,
நான் கேட்காமலே.

திறந்துவிட்டேன்.
குறிப்புப் பெட்டியில் "வாடிக்கையாளரே" என்று தட்டினேன்.
வேறு எதற்கும் அதில் இடமில்லை.

ஜூனில் என் முறை.
பலெர்மோவுக்குப் போனேன், எல்லாம் அறிந்தவளாக.
வங்கிக்குச் சொல்லியாயிற்று.
ஓர் அட்டை பையில், ஓர் அட்டை
பெட்டிக்குள், குளிர்காலச் சாக்ஸில்.
அவசர எண் காகிதத்தில், அதற்கும் ஒரு நகல்.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் இயந்திரம்.
தொடுதிரையில் எண்கள் கலைந்து கிடந்தன,
ஏழு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.
அப்போதுதான் தெரிந்தது:
என் ரகசிய எண் எனக்குத் தெரியவே தெரியாது.
விரலுக்குத்தான் தெரியும்,
மேலே, குறுக்கே, கீழே, கீழே.
மூன்று முறை தப்பு.
சாக்ஸ் அட்டைக்கும் அதே எண்.
மறக்காமலிருக்க நானே அப்படி வைத்தது.

பின்னால் நின்ற மீன்கூடைக்காரர்
பெருமூச்சு விட்டார், வரிசை முழுவதற்குமாக.

காகிதத்தைப் பிரித்து அழைத்தேன்.
குந்திஸ் எடுத்தான். எனக்கு அடுத்த நாற்காலி.
குரலை அடையாளம் கண்டுகொண்டான், ஆனாலும்
விதிப்படி
அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் கேட்டான்.
வரிசைக்கு நடுவே, வெயிலில் நின்று,
அதை உரக்கச் சொன்னேன்.
"இணைப்பில் காத்திருங்கள்" என்றான், என் தொனியிலேயே.

பிறகு இசை வந்தது.
எட்டு வருடமாய் எத்தனை பேரை
அதற்குள் தள்ளிவிட்டிருக்கிறேன்.
ஒருநாளும் கேட்டதில்லை.
ஒரு கொக்லே, பதினோரு ஸ்வரம்,
ஒரு கரகரப்பு,
மறுபடி பதினோரு ஸ்வரம்.