மூன்றாம் இடத்துக் கவர்

மே மாதம் ஹால்ம்ஸ்டாடில் தொடங்கியது.
பனி விலகியும் பச்சை திரும்பாத புல்.
நுழைவுக் கட்டணம் மூவாயிரம் குரோனா;
ஒரே ஓர் அடியில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே நான்.

ஜூன், ஜூலை
கார் ஹீட்டரில் கையுறை காயக் காய
ஊர் மாற்றி ஊர்.
தங்க இடம் தந்த வீட்டுக்காரி
உருளைக்கிழங்கு மசித்தபடி கேட்டாள்:
"இதிலே பிழைக்க முடியுமா?"
நல்லவேளை, என் வாய் நிறைய இருந்தது.

கடைசிப் போட்டி கோட்லாண்ட் தீவில்.
வேலிக்கு அப்பால் செம்மறிகள்,
எந்தப் பக்கமும் நிலைக்காத காற்று.
என்னோடு ஆடியவள் யோர்டிஸ்,
அமெச்சூர். நாற்பத்தாறு வயது.
தபால் வண்டி ஓட்டுபவள்,
விடுப்புச் சொல்லி வந்திருந்தாள்.
பையில் ஒரு மட்டைக்குக் கைப்பிடி உரிந்து
பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

பதினெட்டாவது குழி.
பச்சையின் மறுகரையிலிருந்து அவள் தட்டிய பந்து
யோசித்து, யோசித்து, விழுந்தது.
நாலடி தூரத்தில் என்னுடையது
உதட்டைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது.
அவள் மூன்று. நான் நான்கு.

பரிசளிப்பில் யாரோ மறந்துபோய்
கவரை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.
அமெச்சூர் பணம் தொடக்கூடாதே!
மேடையில் குசுகுசுப்பு.
அவள் திருப்பிப் பார்த்தாள்,
நாலு எட்டில் என்னிடம் வந்து நீட்டினாள்:
"முகவரி தவறு."

படகில் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டு டயர் வாங்கலாம்.
நான்கும் தேய்ந்திருக்கின்றன.
கண்ணாடிக் கிண்ணத்தை மடியில் வைத்து
எதிர் இருக்கையில் தூங்குகிறாள்.
திங்கள் காலை ஆறுக்கு
அவளுக்கு வேலை.