எது முந்துகிறதோ அது

டேஷ்போர்டு அறையில் கிடந்த கையேட்டில்
ஒரு வரிக்கு மட்டும் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்:
டைமிங் பெல்ட்,
ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம்,
எது முந்துகிறதோ அது.

மீட்டரில் தொண்ணூற்றேழாயிரத்து எண்ணூற்று நாற்பது.
வண்டிக்கு வயது ஒன்பது.
எனக்கு விற்றுவிட்டுச் சூடானுக்குப் போன இத்ரீஸ் வாத்தியார்
மாற்றியாச்சு என்றுதான் சொன்ன ஞாபகம்.
மாற்றணும் என்றாரோ.
அவருடைய ஆங்கிலமும் என் அரபியும் முட்டிக்கொண்டதில்
வினைச்சொல் மிஞ்சியது,
காலம் கழன்று எங்கோ விழுந்துவிட்டது.

சோஹார் சனையாவில் அஷ்கர்
பானெட்டைத் திறந்து
கறுப்பு மூடியை விரலால் தட்டினான்.
"இதுக்குள்ள இருக்கு மேடம்.
சத்தம் போடாது, கசியாது, லைட் எரியாது.
ஒருநாள் அறும்."
அறுந்தால்?
இரண்டு முஷ்டியையும் எதிரெதிரே வைத்து
ஒன்றோடொன்று மோதிக் காட்டினான்.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி:
நாற்பத்தைந்து ரியால்.
திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்றேன்.
திறக்கிற கூலிதான் பாதி என்றான்.

நாற்பத்தைந்து ரியால் என்பது
என் இடது கடைவாய்ப் பல்லின் ரூட் கெனால்.
அதையும் ஆறு மாதமாக
வலப்பக்கமே மென்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

விசா ஜூலையில் முடிகிறது.
லேபில் என் நாற்காலிக்குப் பக்கத்தில்
இந்த ஊர்ப் பெண்கள் இருவர் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள்.
சுஆத் என்பவள்
பைப்பெட்டை என்னைவிட நிதானமாகப் பிடிக்கிறாள்.
வண்டியை விற்கும்போது
புது டயருக்கு விலை கேட்கலாம்,
சீட் உறைக்குக்கூடக் கேட்கலாம்.
மூடிக்குள் இருப்பதற்கு யார் தருவார்?

"இன்னும் ரெண்டாயிரம் இருக்குல்ல?" என்றாள் ஜெஸிந்தா,
பெட்ரோலில் பாதி தருகிறவள்.
ஐந்து வருடத்தைப் பற்றி
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை
அவள் அக்காவைப் பார்க்க புரைமிக்குப் போனோம்.
வாதி ஜிஸ்ஸி ஏற்றத்தில்
பாட்டை நிறுத்தினேன், பிறகு ஏசியை நிறுத்தினேன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
சத்தமே போடாத ஒன்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு
வியர்க்க வியர்க்க ஓட்டினேன்.
"உனக்கென்ன பைத்தியமா" என்று
கண்ணாடியை இறக்கினாள்.

திங்கள் இரவு, ரத்த வங்கிக் குளிர்பெட்டி.
ஓ நெகட்டிவ், ஒரு பை.
நள்ளிரவோடு நாள் முடிந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நிறம் மாறவில்லை, கட்டி இல்லை,
யாருக்கும் ஏற்றலாம் போலத்தான் இருந்தது.
பதிவேட்டில் எழுதி
மஞ்சள் பையில் போட்டேன்.
பதினொரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் ஒருநாள் தாங்காதா என்று
ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
கை கழுவும்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம்
பழைய பெல்ட்டை நியூஸ்பேப்பரில் சுற்றித் தந்தான் அஷ்கர்.
வளைத்துப் பார்த்தேன். வெடிப்பில்லை.
ஒரு பல்கூடத் தேயவில்லை.
என் பல் அன்றைக்குப் பார்த்து
விண் விண்ணென்று தெறித்தது.
"நல்லாத்தானே இருந்திருக்கு" என்றாள் ஜெஸிந்தா.
இருந்திருக்கலாம்.
வண்டி போன வாரம் போலவே ஓடியது,
அதே உறுமல், இரண்டாம் கியரில் அதே முக்கல்.

மூடிமேல் ஸ்டிக்கர் ஒட்டி
கிலோமீட்டரை அவன் எழுதினான்: 98,117.
அவனுடைய ஏழு, ஒன்று மாதிரி இருந்தது.
பேனாவை வாங்கி
அதன் இடுப்பில் ஒரு கோடு போட்டேன்,
லேபிலில் போடுவதுபோல.
கீழே, சுஆதிடம் கேட்டு வைத்திருந்த அரபிச் சொல்லையும்
வலமிருந்து இடமாக வரைந்தேன்.

போட்டோ அனுப்பினேன்.
எழுத்து படுகோணல்,
ஆனால் மாற்றியாச்சு என்றுதான் இருக்கிறது
என்று பதில் போட்டாள்.