பார்சல் தராசு

புந்தா அரேனாஸ் தபால் நிலையத்தின் பின்னறையில்
நூற்றைம்பது கிலோ தாங்கும் தராசு ஒன்று இருக்கிறது.
கம்பளி மூட்டை, படகின் உதிரி பாகம்,
ஒருமுறை அருங்காட்சியகத்துக்குப் போன
திமிங்கிலத்தின் முதுகெலும்பு:
எதையும் முகம் சுளிக்காமல் நிறுத்தது.

ஆகஸ்டில் மேலாளர் கோர்வாலான்
ஆரோக்கிய மாதம் என்று அறிவித்தார்.
திங்கள்தோறும் ஆளுக்கொரு முறை ஏறி இறங்க வேண்டும்.
அதிகம் குறைத்தவருக்கு ஒரு நாள் விடுப்பு,
ஒரு வாழ்த்து அட்டை.
கட்டாயமில்லை என்றார்.
பலகையில் எங்கள் எட்டுப் பெயர்களும்
முன்னதாகவே எழுதியிருந்தன.

யாஸ்னா முதலில் காலணியைக் கழற்றினாள்,
பிறகு கடிகாரத்தை, காதணியை,
அடுத்த வாரம் காலை உணவை,
அதற்கடுத்த வாரம் மதிய உணவை.
நிபால்தோ சிரித்துக்கொண்டே ஏறினான்.
எண் வரும்போது கூரையைப் பார்த்தான்.

நான் ஒர்டென்சியா. கவுன்டர் மூன்று.
தொண்ணூற்று நான்கு, நீல மையில், எல்லோரும் படிக்க.
பதினோரு வருஷமாக இந்தக் கை குத்திய முத்திரைகளை
யாரும் எண்ணி எழுதியதில்லை.

அன்றிலிருந்து
குனிந்து பேனா தேடும் வாடிக்கையாளர்கூட
என் இடுப்பை எடை போடுகிறார் என்று தோன்றியது.
எழுந்து எடுக்க வேண்டிய படிவத்துக்கு
நாற்காலியோடு நகர்ந்தேன்.
சட்டையின் மூன்றாவது பொத்தான்
எல்லாவற்றையும் உளறிவிடும் என்று
கோப்பை மார்போடு அணைத்தபடி நடந்தேன்.
கழிப்பறையில் நின்றுகொண்டு எம்பனாடா தின்றேன்.
ஆறிப்போயிருந்தது. உப்புக் கரித்தது.
அழுதேனா என்று நினைவில்லை.

இரவு படுக்கையில் என்னை நானே கணக்கிட்டேன்:
சான்டியாகோவுக்குச் சாதாரணத் தபாலில் இவ்வளவு,
விரைவுத் தபாலில் இவ்வளவு.
'உடையக்கூடியது' என்ற சிவப்பு முத்திரையை
எந்தப் பக்கம் குத்துவது?

செப்டம்பரில் ஒரு வியாழன்
நீரிணையிலிருந்து காற்று ஏறி வந்தது.
அது வந்தால் எங்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
காலையிலிருந்து யாஸ்னா ஒரே ஓர் ஆப்பிளில் ஓடிக்கொண்டிருந்தாள்.
கயிற்றுக்கு மூன்றடி முன்பே கால் பின்னியது.
பிடித்தேன்.
அவள் பிடித்தது என் கையை அல்ல.
ஒரு மாதமாக நான் கோப்பால் மறைத்த இடத்தை
இரண்டு கையாலும் சுற்றிக் கட்டிக்கொண்டாள்,
பாய்மரத்தைக் கட்டுவது போல.

இங்கே முடித்தால் கதை எனக்குச் சாதகம்.
ஆனால் அடுத்த வீச்சில் நானும் மண்டியிட்டேன்.
முழங்கால் சிராய்த்தது.
கனத்தவள், மெலிந்தவள், இருவரும் ஒரே கயிற்றில் தொங்கினோம்.
காற்றிடம் பலகை கிடையாது.

மருந்துக்கடை வாசலில் மூச்சு வாங்கியபடி
"இன்னும் இரண்டு கிலோ, பிறகு விடுப்பு எனக்குத்தான்" என்றாள்.
"விடுப்பில் என்ன செய்வாய்?"
வெகுநேரம் யோசித்தாள்.
"சாப்பிடுவேன்."
சிரித்தோம்.
என் வயிறு குலுங்கியது. குலுங்கட்டும் என்று விட்டேன்,
பொத்தானோடு சேர்த்து.

திங்கள் காலை, யாரும் வருவதற்கு முன்,
பலகையில் என் பெயருக்கு எதிரே
கவுன்டர் முத்திரையை எடுத்துக் குத்தினேன்:
பெறுநர் ஏற்க மறுப்பு.
அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.

கோர்வாலான் இரண்டு முறை படித்தார். தொண்டையைக் கனைத்தார்.
பலகை அக்டோபரிலும் இருந்தது, ஐந்து பெயர்களோடு.
யாஸ்னா மேலும் ஒரு வாரம் ஏறினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை;
என் எம்பனாடாவில் பாதியை
அவள் மேசையோரம் வைத்துவிட்டு வந்தேன்.
சில நாள் அது அப்படியே கிடந்தது.
ஒரு நாள் காகிதம் மட்டும் இருந்தது.

சீருடைப் படிவத்தில் 'அளவு' என்ற கட்டத்தில்
நான் ஆக வேண்டிய அளவை எழுதுவது வழக்கம்.
இந்த முறை இருக்கிற அளவை எழுதினேன்.
புதுச் சட்டை இன்னும் வரவில்லை.
தபாலில் தாமதமாம்.